ஒருக்காத்தான் கேட்பார்

அந்த வீட்டில் எனக்குக் கிடைக்காமல் போன தேத்தண்ணியிலிருந்துதான் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கவேண்டும்.

மொன்றியலில், லாசால் பகுதியில் அந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்த புதிது. இரண்டாம் மாடியில் நாங்கள். எங்கள் தலைக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில், அவரும் மனைவியும். ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு மொன்றியலுக்கு வந்தவர் என்பதால் கட்டடத்துத் தமிழர் எல்லாருக்கும் அவர் ஜெர்மன் அண்ணை. அவருடைய பெயரை நான் மறக்கவில்லை. ஆனால் பெயரைச் சொன்னால் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல எனக்கு இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். மேல்வீட்டாரை மரியாதைக்கு ஒருதரம் பார்த்துவிட்டு வருவோம் என்று என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். உயரமான மனிதர், வழுக்கைத் தலை, வீட்டிலும் இஸ்திரி போட்ட சேட்டு. சிரித்தார், இருத்தினார், "ஸோ" என்று ஜெர்மன்காரர் மாதிரி ஒரு மூச்சு விட்டார். பிறகு கேட்டார்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"ஐயோ வேண்டாம் அண்ணை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்."

"சரி," என்றார்.

அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் தெரியும், முதல் "வேண்டாம்" பதில் அல்ல. அது தொண்டையைச் செருமுவதுபோல ஒரு தொடக்கம். இரண்டாவது "வேண்டாம்" மரியாதைக்கு. மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் "சரி, உங்களுக்காக ஒரு அரைக் கோப்பை" என்று இறங்கிவருவோம். இந்த மனிதரோ முதல் வேண்டாமையே சத்தியப்பிரமாணம்போல எடுத்துக்கொண்டு கட்டடத்தின் சூடாக்கியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். குசினியிலிருந்து வடை பொரியும் வாசம் வேறு வந்துகொண்டிருந்தது. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பொதிகள் அனுப்பும் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு, வாய் நனைக்காமல் நேரே மேலே போனவள்.

மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறங்குவதற்குள் அவருடைய பரம்பரையையே ஏசி முடித்துவிட்டேன். "வேணுமெண்டால் ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் என் கணவர். அதைச் சொன்ன வாய்க்கும் அன்றைக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

பிறகுதான் தெரிந்தது, கட்டடத்தில் இது ஊரறிந்த விஷயம். கீழ்மாடியில் இருந்த ஒரு மாமி புதிதாக வருகிற எல்லாருக்கும் புத்தி சொல்லிவைப்பாவாம். "மேல போனால் முதல் தரமே ஓம் எண்டிடு பிள்ளை. வெக்கப்பட்டால் பட்டினிதான்." கஞ்சத்தனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓம் என்று சொன்னவர்களுக்கு அவர் அள்ளிக் கொடுத்தார். லாசாலிலேயே ஒரு பாண் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வீட்டில் தன் கையால் சுடுகிற கறுப்புப் பாணும் பிளம்ஸ் கேக்கும் வேறு. ஓம் சொன்னவன் திரும்பிப்போகும்போது ஒரு பொதியும் கையில் இருக்கும்.

ஒருமுறை எங்கள் கத்தோலிக்கக் கோவில் பெருநாளுக்கு, பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு. எங்கள் சனம் அந்தப் பங்கில் அதிகம், பந்தி வைத்துத்தான் பரிமாறுவோம். விவரம் தெரியாத யாரோ அவர் கையில் இறைச்சிக்கறி வாளியைக் கொடுத்துவிட்டார்கள். "இன்னும் போடட்டோ?" என்று கேட்டுக்கொண்டு போனார். பெரியவர்கள் வழக்கம்போலத் தட்டுக்கு மேலே கையை விரித்து "காணும், காணும்" என்றார்கள். விரித்த விரல்களுக்கு இடையால் கறி விழும் என்று நம்பியவர்கள் அவர்கள். இவர் "சரி" என்று அடுத்தவரிடம் போய்விட்டார். மற்ற வரிசைகளில் கறி முடிந்து கூச்சல் கேட்கும்போது இவர் முழு வாளியோடு வரிசைக் கடைசியில் நின்றார். "இந்தாள் பரிமாற வந்ததோ, வாக்கெடுக்க வந்ததோ?" என்று ஒரு கிழவர் வெறுஞ்சோற்றைப் பார்த்துக் கத்தினார். அடுத்த வருடத்திலிருந்து கார் நிறுத்துமிடத்தில் ஆட்களுக்குக் கை காட்டுகிற வேலைதான் அவருக்கு.

எனக்கோ எதையும் துருவிப் பார்க்காவிட்டால் சாப்பாடு செமிக்காது. ஒரு சனிக்கிழமை கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற மெசின்களுக்கு முன்னால் அவர் தனியே அகப்பட்டார். படுக்கைவிரிப்பு ஒன்றை மூலைக்கு மூலை பொருத்தி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேட்டால் கோவிக்கமாட்டியளே?"

"கேள் தங்கச்சி."

"ஏன் எல்லாரையும் ஒருக்காத்தான் கேக்கிறியள்?"

அவர் விரிப்பின் மறுமுனையை என் கையில் தந்தார். "அது பிரான்சில பழகினது."

"நீங்கள் ஜெர்மனியில எல்லோ இருந்தனீங்கள்?"

"ஓம். ஜெர்மனியில இருந்துதான் பிரான்சுக்குப் போனனான். பஸ்ஸில."

அவர் இருந்த ஜெர்மன் ஊர் சின்னதாம். ஒரு கோவில், ஒரு ஆறு, இவர் தட்டுக் கழுவிய ஒரு பேக்கரி. அந்த ஊருக்கும், பிரான்சில் ஏறக்குறைய அதேயளவு சின்னதான இன்னோர் ஊருக்கும் உறவு. உலகப்போர் முடிந்து சில காலத்துக்குப் பிறகு, தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் கொன்றது போதும் என்று இரண்டு நாட்டிலும் பல ஊர்கள் இப்படிச் சோடி சேர்ந்தனவாம். இரட்டை ஊர்கள் என்பார் அவர். ஊர் எல்லையில் உள்ள பெயர்ப்பலகையில் சோடி ஊரின் பெயரும் இருக்கும். ஒரு வருடம் இவர்கள் பஸ் பிடித்து அங்கே போவார்கள், மறுவருடம் அவர்கள் இங்கே வருவார்கள். ஹோட்டல் கூடாது. மற்றவன் வீட்டில், மற்றவன் கட்டிலில் படுத்தெழும்பி, மற்றவன் மேசையில் காலைச் சாப்பாடு சாப்பிடவேண்டும்.

"இரவுச் சாப்பாட்டில ஆரும் நடிக்கலாம் தங்கச்சி. வைன் இருக்கும், பாட்டு இருக்கும், மேயர் பேசுவார். காலமை நடிக்கேலாது. தலை கலைஞ்சிருக்கும், கண்ணில பூளை இருக்கும். அந்த நேரம் எதிர்ல இருந்து சாப்பிடுறான் பார், அவனோட பேந்து சண்டைக்குப் போறது கஷ்டம்."

அந்தப் பிரெஞ்சு ஊரில் ஒரு கிழவர். ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவி இல்லாதவர். அவருடைய அண்ணனை ஜெர்மன் படை சுட்டுக் கொன்றது. கிழவரையும் இளவயதில் பிடித்துக்கொண்டுபோய் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை வாங்கினார்கள். திரும்பி வந்தவர், அங்கே கற்ற பாஷையில் இனி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று இருந்துவிட்டார். ஊர் சோடி சேர்ந்தபோது மற்ற வீடுகளெல்லாம் விருந்தாளிகளை ஏற்றுக்கொண்டன. கிழவர் மாட்டேன் என்றார். விருந்தாளிகளுக்கு வீடு ஒழுங்குசெய்கிற பள்ளிக்கூட ரீச்சர் ஒருத்தி ஒவ்வொரு வசந்தத்திலும் அவருடைய வாசலுக்குப் போய் "இந்த முறை ஒருவரை வைத்திருப்பீர்களா?" என்று கேட்பாளாம். இல்லை என்பார். "நல்லது" என்று சொல்லி, உருளைக்கிழங்குப் பாத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவாள். அடுத்த வருடம் திரும்ப வருவாள். இப்படியே வருடங்கள் போயின. அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. ஒரு வசந்தத்தில் அவர் ஓம் என்றார்.

"அந்தாளுக்கு எண்டு ஒதுக்கினது எங்கட பேக்கரி முதலாளியை. முதலாளிக்குக் காய்ச்சல். சீற் சும்மா போகுது, நீ போ எண்டு என்னை ஏத்திவிட்டார். அங்க சதுக்கத்தில அந்தாள் ரை கட்டிக்கொண்டு நிக்கிறார், வாழ்க்கையில முதல்முதலா ஒரு ஜெர்மன்காரனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக. பஸ்ஸால இறங்கினது நான்!"

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கையில் இருந்த விரிப்பாலேயே கண்ணைத் துடைத்தார். "ஜெர்மன்காரன் எங்க எண்டு கேட்டார். இவர்தான் எண்டு ரீச்சர் என்னைக் காட்டினா. அந்த மனுசன்ர முகத்தைப் பாக்கோணும் தங்கச்சி. இத்தினை வருசம் மனசைத் தயார்ப்படுத்தி, கடைசியில அச்சுவேலியான் வந்து நிக்கிறான்."

அண்ணைக்கு அப்போது பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. கிழவருக்குத் தமிழ் தெரிய நியாயமில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே பாஷை ஜெர்மன். வேறு வழியில்லாமல் அந்தக் கிழவர், இனி வாயால் தொடுவதில்லை என்றிருந்த பாஷையை ஒரு யாழ்ப்பாணத்தானுக்காக எடுத்துப் பேசினார். காலையில் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். இவர் எங்கள் முறைப்படி வேண்டாம் என்றார். கிழவர் கேத்திலை மூடிவிட்டார். மறுநாளும் அதே கதை. "எனக்குத் தலையிடி. கடைசி நாள் அவர் வாயைத் திறக்க முதலே ஓம் எண்டு கத்திப்போட்டன்." அப்போதுதான் ரீச்சர் கதையைக் கிழவர் சொன்னாராம். அவள் ஒருதரத்துக்கு மேல் கேட்டிருந்தால், ஏன் மாட்டாய் என்று ஒரு தரமாவது துளைத்திருந்தால், சாகும்வரைக்கும் அந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டேன் என்றாராம்.

"மாட்டன் எண்டு சொல்ல அந்தாளுக்கு இடம் விட்டவை," என்றார் அண்ணை. "அதாலதான் ஓம் எண்டு சொல்லவும் இடம் இருந்தது."

அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தேத்தண்ணி விஷயத்தில் நான் அவரை மன்னிக்கவில்லை. தேத்தண்ணி உலகப்போர் இல்லையே.

ஊரில் போர்நிறுத்தம் வந்து, பாதைகள் திறந்து, ஆட்கள் விடுமுறைக்குப் போய் மாம்பழம் சாப்பிட்ட படங்களோடு திரும்பிய காலம் அது. அண்ணைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மொன்றியலில் சிங்களக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதில் சிலர் நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்கர், எங்கள் கோவிலுக்கே வருவார்கள். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற நேரம் அவர்கள் ஜன்னல் பக்கம், நாங்கள் கதவுப் பக்கம். நடுவில் கோப்பிப் பானை. அண்ணை அந்தப் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு இரண்டு பக்கத்தாரையும் ஆளாளாகக் கேட்டார். ஒரு இரவு நீங்கள் அவர்கள் வீட்டில், ஒரு இரவு அவர்கள் உங்கள் வீட்டில், சம்மதமோ?

சனம் சிரித்தது. "காரில இருவது நிமிசம். சாப்பிட்டிட்டு வீட்ட வந்து படுக்கலாம்தானே? எங்களுக்குக் கட்டில் இல்லையே?" என்றார்கள். அவர் "சரி" என்று அடுத்தவரிடம் போனார். கறி வாளியோடு போன அதே நடை. அப்படியும் சில வீடுகள் ஓம் என்றன. எங்கள் வீடு ஓம் என்றதற்கு நல்லெண்ணம் ஒன்றும் காரணமில்லை. சிங்களவர் வீட்டுக் குசினி எப்படியிருக்கும் என்று எனக்குப் பார்க்கவேண்டும்.

எங்களுக்கு வாய்த்த சிங்களக் குடும்பம் இருந்தது புவாண்ட்-கிளேரில். தினமும் வேலைக்குப் போகிற அந்த இடத்துக்கு இரவு உடுப்பையும் பல் பிரசையும் பையில் அடைத்துக்கொண்டு போவதைப்போல ஒரு பைத்தியக்காரத்தனம் வேறு இல்லை. என் கணவர் தன்னுடைய தலையணையையும் கொண்டுவந்தார். மறுநாள் காலை அந்த வீட்டுப் பெண், தலைமயிர் பரட்டையாக நிற்க, சப்பாத்தைத் தேடுகிற மகனைப் பிரெஞ்சில் திட்டிக்கொண்டே பாற்சோறு துண்டு போட்டாள். நான் என் மகளைத் திட்டுகிற அதே சொற்கள், அதே இழுவை. அவள் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். திரும்பக் கேட்டாள், வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை, தட்டில் போட்டுவிட்டாள். கட்டைச்சம்பலோடு நன்றாகச் சாப்பிட்டேன். போரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கணவரின் குறட்டையைப் பற்றித்தான் பேசிச் சிரித்தோம்.

திரும்பி வந்ததும் மேலே ஓடிப்போய்ச் சொன்னேன். "அண்ணை, அவையளும் எங்களை மாதிரியேதான் வற்புறுத்துகினம்!"

அவருடைய முகம் சுருங்கியது. "அப்ப அவையையும் பழக்கவேணும்," என்றார்.

இவ்வளவும் செய்தவர் வீட்டில் மட்டும் ஒரு விருந்தாளியும் வந்து படுத்ததில்லை. அவருக்கென்று ஒரு ஆள் இருந்தார். நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்கள விதவை, புவாண்ட்-கிளேரில் தனியே இருந்தவர், ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கடற்கரைத் தமிழ் நன்றாகவே பேசுவார். அவரைத் தன் வீட்டில் ஏற்பதாக அண்ணை சொல்லிவைத்திருந்தார். வருடங்கள் போயின, ஏற்கவில்லை. "ஊருக்குத்தான் உபதேசம்" என்று கோவிலில் காதுபடவே சொன்னார்கள்.

காரணம் அவர் வீட்டுச் சுவரில் இருந்தது. அண்ணையின் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவின் தம்பி ஒரு சைக்கிளோடு நிற்கிற படம். வெளிநாடு போகவென்று கொழும்பில் தங்கியிருந்தவனைச் சோதனைச்சாவடியில் படையினர் பிடித்துக்கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறான் என்று நம்பவும் முடியாமல், இல்லை என்று அழவும் முடியாமல் அக்கா அந்தப் படத்துக்கு மாலை போடாமலே வைத்திருந்தார்.

"பனி கரைஞ்ச உடன கேப்பார்," என்று அக்கா என்னிடம் ஒருநாள் வெடித்தார். "'இந்த முறை அவவைக் கூப்பிடுவமோ?' எண்டு. நான் மாட்டன் எண்டுவன். 'சரி' எண்டுபோட்டு குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவார். ஒரு முகச்சுழிப்பு இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. அதுதான் எனக்கு விசரைக் கிளப்புறது. மனுசன் சண்டை பிடிச்சால் நானும் திருப்பிப் பிடிக்கலாம். இது அடுத்த வருசம் வரைக்கும் என்ர மாட்டனை நானே சுமந்துகொண்டு திரியவேணும்."

எனக்கு இருவர் மேலும் பரிதாபமாக இருந்தது. அந்தப் பெண் ஒரு காலை தன் மேசையில் இருக்கவேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். வசந்தம் தோறும் அவர் நிலவறையில் தோய்த்து மடிக்கிற அந்த விரிப்பு, யாரும் படுக்காத அறையின் கட்டிலுக்கு உரியது. அக்கா என்றைக்காவது ஓம் என்பாரா, அல்லது இரண்டு பேரும் இப்படியே கிழடாகிவிடுவார்களா என்று நான் வருடாவருடம் காத்திருந்து பார்த்தேன்.

பிறகு ஊரில் திரும்பச் சண்டை மூண்டது. இரவு தங்கல் எல்லாம் நின்றது. கோப்பிப் பானைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் மறுபடி ஒதுங்கினார்கள், சிலர் வேறு கோவிலுக்கே போய்விட்டார்கள். போரின் கடைசி மாதங்களில், அண்ணையின் சொந்த அக்காவும் அவருடைய பிள்ளைகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். நகரத்துக் குளிரில் நாங்கள் பதாகை பிடித்து நின்றபோது அவரும் நின்றார். வசந்தத்தில் போன் வந்தது. தறப்பாள் கொட்டிலுக்கு மேல் ஷெல் விழுந்ததாம். அக்காவும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இவரைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்கா.

அந்த வருடமும் பனி கரைந்தது. அவர் மனைவியிடம் கேட்கவில்லை.

கோடை தொடங்கிய ஒரு பின்னேரம், நான் மரக்கறிப் பைகளோடு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே அவருடைய கதவுக்கு முன்னால் அந்த நீர்கொழும்புப் பெண் நின்றார். கையில் ஒன்றுமில்லை. அண்ணை கதவைப் பாதி திறந்தார்.

"அண்ணே, உங்க அக்காவைப் பத்திக் கேள்விப்பட்டேன். உள்ளுக்கு வரலாமா?"

"வேண்டாம்," என்றார்.

"சரி அண்ணே," என்று அந்தப் பெண் திரும்பினார். என்னைக் கடந்து இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கதவு மூடவில்லை. அக்கா வீட்டுச் செருப்போடு வெளியே வந்து, என்னையும் கவனிக்காமல், படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். எங்கள் ஜன்னலால் பார்த்தேன். இரண்டு பேரும் பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. அவர்கள் எழும்பவில்லை.

என்ன கதைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியுமா?

"தம்பியின்ர பேர் என்ன எண்டு கேட்டா," என்றார் அக்கா. "அவன் என்ன விரும்பிச் சாப்பிடுவான், ஆரைப் போல இருப்பான் எண்டெல்லாம் கேட்டா. இத்தினை வருசத்தில ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கட ஆக்களுக்கு அவையவையின்ர சாவு இருக்கு. என்ர தம்பியைப் பற்றி ஆர் கேக்கிறது?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "வாற சனி அவ எங்கட வீட்டில வந்து நிக்கிறா. நான் இவரைக் கேக்கேல்லை. சொன்னனான்."

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கதவு தட்டப்பட்டது. அண்ணை மண்ணிறப் பயணப்பை ஒன்றோடு நின்றார். "தங்கச்சி, இண்டைக்கு நான் இஞ்ச படுக்கலாமோ?"

ஊரையெல்லாம் அடுத்தவன் வீட்டில் படுக்க வைத்த மனிதர், தன் வீட்டுக்கு விருந்தாளி வந்த அன்று தான் இறங்கி வந்து எங்கள் சோபாவில் படுத்தார். மேலே நாற்காலி இழுபடும் சத்தமும், இரண்டு பெண்களின் பேச்சும், ஒருதரம் சிரிப்பும் கேட்டன. அவர் எங்கள் கூரையைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

காலையில் நான் எழும்பி வர, அவர் முகம் கழுவி, தலைவாரி, சேட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு மேசையில் இருந்தார். மேலிருந்து வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது.

"அண்ணை, மேல போவமோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

சற்றுப் பொறுத்து அவரே சொன்னார். "எனக்கு அவவில கோவம் இல்லை தங்கச்சி. அவ ஒரு பூச்சியையும் அடிச்சிருக்கமாட்டா, எனக்குத் தெரியும். ஆனா அந்த மேசையில இருந்து சாப்பிட வாய் வராது. தொண்டைக்குள்ள இறங்காது. என்ர அக்கா..."

என் கணவர் எனக்குக் கண்ணைக் காட்டினார், விடு என்று. நியாயம்தான். மாட்டேன் என்பதும் பதில் என்று எங்களுக்குச் சொன்னவரே இவர்தான். ஆனால் அந்தப் பிரெஞ்சுக் கிழவருக்கு ஒவ்வொரு வசந்தமும் ஒரு ரீச்சர் வந்தாள். இங்கே மேலே இருக்கிற பெண் காலைச் சாப்பாடு முடிந்ததும் போய்விடுவார், அடுத்த வசந்தத்தில் யார் யாரைக் கேட்கப்போகிறார்கள்? எனக்குப் பயமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"அண்ணை, மேல போவம் வாங்கோ."

அவர் தலையை நிமிர்த்தினார். "ஒருக்காக் கேட்டிட்டாய்."

"ஓம். இது ரெண்டாந்தரம்."

"நான் இல்லையெண்டு சொன்னனான்."

"கேட்டது. பிரான்சில எண்டால் அது பதில் அண்ணை. எங்கட ஆக்கள் அப்பிடிச் சொல்லுறது திருப்பிக் கேக்கச்சொல்லித்தானே." நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். "எழும்புங்கோ அண்ணை. வாங்கோ."

அவர் ஓம் என்று சொல்லவில்லை. குனிந்து சப்பாத்தைத் தேடினார்.

மூன்று பேரும் மேலே போனோம். தன் வீட்டுத் திறப்பு பொக்கட்டில் இருக்க, அவர் மணியை அழுத்தினார். அக்கா திறந்தார், வழிவிட்டார். மேசையில் பாணும் முட்டைப் பொரியலும் சம்பலும் இருந்தன. நீர்கொழும்புப் பெண், தூங்கி எழும்பிய முகத்தோடு, அவரைக் கண்டதும் எழும்பி நின்றார். அண்ணை எதிர்க் கதிரையில் போய் இருந்தார். அக்கா தட்டில் போட்டார். அவர் தட்டைத் தொடவில்லை.

"அண்ணே," என்றார் அந்தப் பெண். "உங்க அக்காட பேர் என்ன?"

அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அந்தப் பெண்ணும் ஒருதரத்தோடு விட்டுவிடுகிறவர், மாடிப்படியில் நான் கண்டேன்.

"சொல்லுங்க அண்ணே."

சொன்னார். பெயரைச் சொன்னார், பிறகு பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார், கடைசிப் பிள்ளையின் செல்லப்பெயரைச் சொன்னார். தாய் இறந்தபிறகு அக்கா தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனதைச் சொன்னார். சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தால் அக்கா கெஞ்சமாட்டாவாம், வாயைப் பிடித்துத் திணித்துவிடுவாவாம். அதைச் சொல்லும்போது குரல் உடைந்து, அந்த உயரமான மனிதர் எங்கள் எல்லாருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. அந்தப் பெண் பாணை ஒரு துண்டு பிய்த்து, முட்டையை வைத்து, அவருடைய கையில் கொடுத்தார். அவர் அழுதுகொண்டே அதைச் சாப்பிட்டார்.